வரைபடத்தில் நாலு வாழை

1. வடிகால் முடியும் இடத்தில் இருந்த கீறல்களைக் காட்டி, "இது என்ன மிஸ்?" என்று எங்கள் அலுவலகத்துப் படவரைஞர் அண்ணா கேட்டார்.
2. "வாழை" என்றேன்.
3. "எத்தனை?" என்றார்.
4. "நாலு" என்றேன். அப்போது என் வாய் நிறைய மீன் ரோல்ஸ்.
5. சேர் கையெழுத்துப் போட்டார். வரைபடம் மொசாம்பிக்குக்குப் போனது.
6. ஒன்பது மாதம் கழித்து, அந்த நாட்டின் உட்பகுதியில், மழை குறைந்த ஒரு கிராமத்துக்கு நாலு வாழைக்குட்டிகள் லொறியில் இரண்டு நாள் பயணம் செய்தன.
7. ஆடுகள் மூன்றைத் தின்றன.
8. மூன்று வாழை குறைகிறது என்று, வேலை முடிந்த கிணறு பூட்டியே கிடந்தது.

இதில் இரண்டாவதும் நான்காவதும் என்னுடையவை. மற்றவற்றுக்கு வேறு ஆட்களையோ ஆடுகளையோ காட்டலாம்.

நான் நீர் வழங்கல் படித்த பொறியியலாளர். பம்பலப்பிட்டியில், காலி வீதியோரம், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலை. நிறுவனத்தின் தலைவரை எல்லோரும் சேர் என்போம். யாழ்ப்பாணத்தவர், வெள்ளவத்தையில் குடியிருப்பவர். யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் மீள்குடியேறிய கிராமங்களுக்குக் குழாய்க்கிணறு போட்டுக் கொடுத்தவர். அந்த அனுபவத்தைக் காட்டித்தான் மொசாம்பிக் வேலை எங்களுக்குக் கிடைத்தது. பன்னிரண்டு கிராமங்களுக்குப் பன்னிரண்டு குழாய்க்கிணறுகள். கொழும்பில் இருந்தபடி நாங்கள் வரைவோம். அங்கே மாகாண நீர் அலுவலகத்துப் பொறியியலாளர் கட்டுவிப்பார்.

சுதந்திரம் கிடைத்து மூச்சு விடுவதற்குள் யுத்தத்துக்குள் போன நாடு அது. யுத்தம் முடிந்தே முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பாலங்கள் வந்துவிட்டன, பாடசாலைகள் வந்துவிட்டன. ஆனால் தார் வீதி முடிந்த பிறகும் அரைநாள் உள்ளே போக வேண்டிய கிராமங்கள் இன்னும் வரிசையில் நிற்கின்றன. இதை நான் முதலில் வாசித்தபோது பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மீள்கட்டுமானம் எப்போதும் வீதியோரமாகத்தான் தொடங்கும் என்பது எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியும்.

வாழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புது வரைபடம் என்று நாங்கள் அனுப்பியது முழுக்கப் புதிது அல்ல. வன்னி வரைபடத்தை எடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி, ஆழத்தை மாற்றி, பம்பியை மாற்றினோம். கைப்பம்பி, சுற்றிவரச் சீமெந்து மேடை, சிந்தும் தண்ணீர் ஓட ஒரு வடிகால், வடிகால் முடிவில் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஒரு ஊறுகுழி. குழிக்குப் பக்கத்தில், யார் எப்போது கீறியது என்று தெரியாத வாழைகள். கிணற்றடி என்றால் கழிவுத் தண்ணீர் வாழைக்குப் போகும். யாழ்ப்பாணத்து வீட்டில் அது கேள்விக்குரிய விஷயமே அல்ல. அலுவலகத்தில் யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்கள் ஐந்து பேர் அந்த வரைபடத்தைப் பார்த்தோம். ஐந்து பேருக்கும் அது முடிந்த கிணறாகத் தெரிந்தது. வாழை இல்லாமல் இருந்தால்தான் ஏதோ குறைகிறது என்று சொல்லியிருப்போம்.

கேட்டது படவரைஞர் அண்ணா ஒருவர்தான். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். அவருடைய சின்ன வயதில் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக்குழாய்.

"எங்க பைப்படியில வாழை வச்சிருந்தா, காலைச் சண்டையிலேயே மிதிச்சுக் கொன்னிருப்பாங்க மிஸ்" என்று பிறகு சொன்னார்.

நான் மட்டும் கிணற்றடியில் வளர்ந்தவளா என்றால் அதுவும் இல்லை. வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் வளர்ந்தேன். வாழை பற்றிய என் உறுதி முழுவதும் அம்மாவிடமிருந்து இரவல் வாங்கியது. நாலு என்ற எண்ணிக்கைக்கு அந்தப் பின்னணிகூடக் கிடையாது. அந்த அளவுத்திட்டத்தில் நாலுதான் வடிவாக அடங்கியது. அண்ணா பொறுப்பான மனிதர். வரைபடத்து ஓரத்தில் பொருள்களைக் குறிக்கும் கட்டத்தில் "வாழை – 4" என்று எழுதிவிட்டார்.

விஷயம் எங்களுக்குத் தெரிய வந்தது ஒரு வியாழக்கிழமை. மொசாம்பிக்கில் இருந்து அந்தப் பொறியியலாளர் காணொளி அழைப்பில் வந்தார். ஐம்பது வயதுப் பெண், கம்பீரமான குரல், போர்த்துக்கேய வாடை வீசும் ஆங்கிலம். என்னை 'மனா' என்று கூப்பிடுவார். அவர்களிடம் அக்காவுக்கும் தங்கைக்கும் அதுதான் சொல்.

"மனா, உன்னுடைய வாழையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்."

"என்ன வாழை?"

"நாலு வாழை. எங்கள் ஊரில் அது வளராது. ஆனால் வரைபடத்தில் இருக்கிறது. கொழும்பில் பெரிய பொறியியல் காரணம் ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். வேர் தண்ணீரைச் சுத்தம் செய்யுமோ என்னவோ! கரையோரத்துக்கு ஆள் அனுப்பி எடுப்பித்தேன்."

பொறியியல் காரணம் என்ன என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. என் முகத்திலேயே வாசித்திருப்பார்.

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். நிதி கொடுக்கும் அமைப்பின் பரிசோதகர் வந்திருக்கிறார். இளைஞர். கையில் ஒரு பட்டியல். வரைபடத்தில் உள்ளவை தரையில் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி போடுவார். பட்டியல் வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, நானும் அந்த இனம். பம்பி சரி. மேடை சரி. வடிகால் சரி. வாழை ஒன்று, மூன்று குறைவு. எல்லாம் சரியானால்தான் ஒப்படைப்புப் பத்திரம். பத்திரம் வரும்வரை பம்பியின் கைப்பிடியில் சங்கிலியும் பூட்டும்.

"அந்த ஊரின் பழைய கிணற்றை யுத்தத்தில் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிட்டார்கள்" என்றார். "சனம் திரும்பி வந்த நாளில் இருந்து ஆற்றுத் தண்ணீர்தான். போக இரண்டு மணித்தியாலம். வர இரண்டரை, ஏனென்றால் வரும்போது தலையில் பாரம். முதலில் ஒரு அமைப்பு வந்து அளந்துவிட்டுப் போனது. பிறகு இன்னொன்று வந்து படம் எடுத்துவிட்டுப் போனது. அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்த மூன்றாவது ஆள் நான். மழைக்கு முன் திறப்பேன் என்று சொன்னேன். பரிசோதகர் செவ்வாய்க்கிழமை காலை தலைநகருக்குத் திரும்புகிறார். மழை தொடங்கினால் வீதி போய்விடும். பிறகு ஏப்ரலில்தான் அவர் வருவார். வாழை இல்லாத ஒரு வரைபடம் அனுப்பு, மனா. அவ்வளவுதான் கேட்கிறேன்."

பத்து நிமிட வேலை. வெள்ளிக்கிழமை காலை சேரிடம் போனேன்.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அது நல்ல சகுனம் அல்ல.

"பிள்ளை, ஒவ்வொரு இடத்துக்கும் புதுசாக் கீறினது எண்டெல்லோ நாங்கள் எழுதிக் குடுத்தனாங்கள்? இப்ப வாழை பிழை எண்டு சொன்னா, வேற என்ன பழசு எண்டு கேப்பாங்கள்."

"கேப்பினம்தான் சேர்."

"அப்ப திரும்ப நடச் சொல்லும். மூண்டு குட்டிதானே?"

"லொறிக்கு ரெண்டு நாள் சேர். ஆட்டுக்குப் பத்து நிமிசம்."

"திங்கட்கிழமை பாப்பம்" என்றார். அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு, மறந்துவிடு என்று பொருள்.

வேறு என்ன பழசு என்ற கேள்வி மட்டும் எனக்குள் போய் இருந்துகொண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணாவிடம் போய், வரைபடத்தை விரித்து, "ஒவ்வொரு கோட்டையும் காட்டி இது என்ன எண்டு கேளுங்கோ அண்ணா. கிணறு தெரியாத ஆளாக் கேளுங்கோ" என்றேன்.

"அதுக்கு நடிக்கத் தேவையில்ல மிஸ்."

கேட்டார். மேடை ஏன் இந்தப் பக்கம் சரிகிறது? வேலி ஏன் இந்த உயரம்? எனக்குப் பதில் இருந்தது. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ கேள்வியாக ஊறுகுழிக்கு வந்தார்.

"இந்தக் குழி ஏன் இந்த அளவு?"

"சிந்துற தண்ணி மண்ணுக்குள்ள ஊற."

"எந்த மண்ணுல மிஸ்?"

வாயைத் திறந்தேன். இந்தமுறை வாயில் ரோல்ஸ் இல்லை. வன்னியில் நாங்கள் குழி கணித்தது மணல் மண்ணுக்கு. அந்தக் கிராமத்தின் மண் அறிக்கை என் கணினியில் இருந்தது, வாசித்தும் இருந்தேன். களிமண். கிணற்றைத் திறந்து சனம் அள்ளத் தொடங்கினால் ஒரு கிழமையில் அந்தக் குழி நிரம்பி, அழுக்குத் தண்ணீர் திரும்பி வந்து மேடையைச் சுற்றி நிற்கும்.

வாழை சிரிப்புக்குரிய பிழை. இது அப்படி அல்ல.

அண்ணா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வேணும்னா அந்தக் கேள்விய வாபஸ் வாங்கிடுறேன் மிஸ்" என்றார்.

நான் இரண்டு வழி யோசித்தேன். வாழையை மட்டும் எடுத்து அனுப்பினால் பரிசோதகர் கையெழுத்துப் போடுவார், கிணறு திறக்கும், குழி பிறகு நிரம்பும். குழியையும் சொன்னால் கிணறு திறப்பதே தள்ளிப்போகலாம், வாக்குக் கொடுத்த மூன்றாவது ஆளும் பொய்க்காரி ஆவார். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. ஆனால் தெரியாதது போல இருக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை காலை வீட்டில் இருந்து மொசாம்பிக் பொறியியலாளரை அழைத்தேன்.

வெள்ளவத்தையில் கடல் பக்க வீட்டில் இருந்து முக்கியமான ஒன்றைச் சொல்ல முடியாது. சொல்லத் தொடங்கியதும் கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி வரும். "குழியின் அளவு" என்றேன், மருதானைக்குப் போகிற கோச்சி வந்தது. "களிமண்" என்றேன், எதிர்ப்பக்கத்துக் கோச்சி வந்தது. மூன்றாம் முறை முழுவதையும் சொல்லி முடித்தேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

 அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் பார்க்கவில்லை.

"குழியா? அது பம்பியைச் சோதித்த அன்றே நிரம்பிவிட்டது, மனா! மூன்று நாள் குளம் மாதிரி நின்றது. ஊர்ப் பெண்கள் மண்வெட்டியோடு வந்து, குழியை மண் போட்டு நிரப்பி, வடிகாலை நீட்டி, கீழே ஒரு பாத்திக்குத் தண்ணீரைக் கொண்டு போய்விட்டார்கள். கீரை போட்டிருக்கிறார்கள்."

"பரிசோதகர் ஒண்டும் சொல்லேல்லையோ?" பதற்றத்தில் தமிழில் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்.

"குழியின் மூடி மேலே தெரிகிறதா என்பதுதான் அவருடைய பட்டியலில் இருந்தது. மூடி தெரிகிறது. சரி போட்டுவிட்டார். மூடிக்குக் கீழே மண்தான் இருக்கிறது."

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நீ வாழை வளர்க்கிற பெரிய பொறியியலாளர். உனக்குக் குழி பற்றிச் சொல்லித்தர எனக்கு வெட்கமாக இருந்தது."

இந்த நேரம் பார்த்து அம்மா திரைக்குள் தலையை நீட்டினார். அம்மாவுக்கு வாழைக் கதை வியாழக்கிழமையே தெரியும். "இவவோ அந்த அம்மா? சாப்பிட்டாவோ எண்டு கேள். ஆட்டுக்கு வேலி அடைக்காமல் ஆர் வாழை வைக்கச் சொன்னது எண்டும் கேள்." முதலாவதை மட்டும் மொழிபெயர்த்தேன்.

அந்தப் பெண்கள் செய்ததையே வரைவது என்று முடிவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குழியின் மூடியை எடுத்துவிட்டு, கயிற்றில் முடிச்சுப் போட்டு, வாய்க்காலின் நீளத்தையும் பாத்தியின் அகலத்தையும் அளந்தார்கள். முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு என்று அவர் அளவுநாடா வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். சரிவு போதுமா, தண்ணீர் எங்கேயாவது தேங்குமா என்று நான் கணித்துப் பார்த்தேன். போதும். நான் முதலில் இருந்து வரைந்திருந்தாலும் அதைவிட நன்றாக வந்திருக்காது. இதை அலுவலகத்தில் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அண்ணா புதிய வரைபடத்தை முடித்தார். திருத்தங்களைக் குறிக்கும் கட்டத்தில் நான் இரண்டு வரி எழுதினேன்: வாழை நீக்கப்பட்டது, இந்த இடத்துக்கு உரியதல்ல. ஊறுகுழி நீக்கப்பட்டது, முதற் கணிப்பு வேறு மண்ணுக்குரியது. கீழே என் முதலெழுத்துகள்.

சேர் அதை இரண்டு தரம் வாசித்தார். "'வேறு மண்' எண்ட சொல்லை எடுத்தா என்ன?"

சேருக்கு ஒரு பிடித்த பகிடி உண்டு. யுத்தம் முடிந்த கையோடு வன்னிக்கு வந்த வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர், ஸ்னோ விழுந்தாலும் தாங்கும் கூரை கணித்துக் கொண்டுவந்த கதை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் கிழமையிலேயே கேட்டுவிடுவார்கள். "கிளிநொச்சியில ஸ்னோ!" என்று மேசையில் தட்டிச் சிரிப்பார்.

"சேர்" என்றேன், "இப்ப மொசாம்பிக்கில ஆரோ எங்கட வாழைய வைச்சு அந்தக் கதை சொல்லிக்கொண்டிருப்பினம்."

மேசையில் தட்டவில்லை. ஆனால் பேனையை எடுத்தார். "உமக்கு வாய் கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வேறு மண் அப்படியே இருந்தது. மற்றப் பதினொரு வரைபடங்களையும் மண் அறிக்கையோடு திரும்பப் பார்க்கும்படி அப்போதே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அண்ணா கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய்விட்டு, அரை மணித்தியாலம் பிந்தி வந்தார். "ஒரு மெழுகுதிரி நம்ம பம்பிக்கு" என்றார். பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது. அங்கே காலை எட்டு மணி. பின்னணியில் பம்பியும் சங்கிலியும், வாளிகளோடு நிறையப் பெண்களும்.

"மனா, புது வரைபடம் பார்த்தார். வாய்க்கால் சரி. பாத்தி சரி. எல்லாம் சரி. ஆனால் ஒரு பொருள் கூடுதலாக இருக்கிறதாம்."

"என்ன பொருள்?"

"ஆடு விட்டுவைத்த அந்த ஒரு வாழை. வரைபடத்தில் இல்லை என்கிறார்."

 அவர் தொடர்ந்தார். "பிடுங்கிவிடலாம் என்று சொன்னேன். இவர்கள் விடவில்லை. இரண்டு நாள் பயணம் செய்து வந்த வாழையாம், வேலி வேறு அடைத்துவிட்டார்கள். அவர் பத்து மணிக்கு வாகனம் ஏறுகிறார்."

அண்ணா கதிரையை மேசைக்கு இழுத்துக்கொண்டே, "எத்தனை மிஸ்?" என்றார்.

"பொறுங்கோ" என்றேன். காணொளியைத் திருப்பச் சொல்லி, என் கண்ணால் பார்த்தேன். முள்வேலிக்கு நடுவில், மூன்று இலையோடு, கொஞ்சம் கோபமாக ஒரு வாழை. "ஒண்டு. வடிகாலுக்கு வலப்பக்கம்."

நாலு நிமிடத்தில் கீறினார். சேர் படியேறி வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். ஒன்பதரைக்கு, அவர்களுடைய ஒன்பதரைக்கு, பரிசோதகர் கடைசிச் சரியைப் போட்டார். பூட்டின் திறப்பு இனி யாரிடம் இருப்பது என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. மொழி தெரியாவிட்டாலும் கொட்டாஞ்சேனைப் பொதுக்குழாயடிச் சத்தம் அதே மாதிரித்தான் என்று அண்ணா உறுதியாகச் சொன்னார். பிறகு சங்கிலி கழன்றது. முதல் வாளியை ஒரு வயதான பெண் பிடித்தார். பொறியியலாளர் அப்போது தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டதால் எங்களுக்கு வானமும் ஒரு தோளும் மட்டும் தெரிந்தன. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் எங்கள் மூன்று பேரில் யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

இப்போது நிலைமை இதுதான். அந்தக் கிணறு திறந்திருக்கிறது. பன்னிரண்டில் நாலு முடிந்துவிட்டன. ஒன்றில் பம்பியின் கம்பி வராமல் வேலை நிற்கிறது. மீதி ஏழுக்கும் மழை முடிந்து வீதி திறக்க வேண்டும். களிமண் கிராமங்கள் ஐந்து என்று தெரிந்து, ஐந்திலும் ஊறுகுழியை எடுத்துவிட்டோம். கழிவுத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதை முதலில் ஊரிடம் கேட்டு எழுத, வரைபடத்தில் ஒரு வெறுங்கட்டம் விட்டிருக்கிறோம். வாழை நிற்கும் அந்த ஊர்ப் பெண்கள் ஆற்றுக்கு இப்போது துணி தோய்க்க மட்டும் போகிறார்கள். நான் இன்னும் மொசாம்பிக்குக்குப் போகவில்லை.